மாணவர் மனப்பான்மை ஆய்வு: ஆய்வேடு எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எம்.எட். ஆய்வேட்டுக்குத் தலைப்பு கொடுக்கும் பருவம் வந்தால் பத்துப் பேரில் ஆறு பேர் ‘மாணவர்களின் மனப்பான்மை’ என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். கணிதத்தின் மீதான மனப்பான்மை, கைப்பேசி மீதான மனப்பான்மை, இணையவழிக் கற்றல் மீதான மனப்பான்மை. பல ஆண்டுகள் நெறியாளராக உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். பள்ளியில் சொந்தமாகச் சிறிய ஆய்வு செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும்.

மனப்பான்மையும் நடத்தையும் ஒன்றுதானே?

இல்லை. ஒன்றைப் பற்றி ஒருவர் மனதில் வைத்திருக்கும் விருப்பு வெறுப்பு மனப்பான்மை. அவர் செய்வது நடத்தை. ‘நூலகம் மிகவும் பயனுள்ளது’ என்பதில் ‘முழுவதும் உடன்படுகிறேன்’ என்று டிக் அடிப்பது மனப்பான்மை. நூலகத்தின் கையெழுத்து நோட்டில் அந்த மாணவரின் பெயர் இருக்கிறதா என்பது நடத்தை. இரண்டையும் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும்.

ஆனால் மனப்பான்மை தெரிந்தால் நடத்தையை ஊகித்துவிடலாமே?

எல்லோரும் இப்படித்தான் நினைத்தார்கள். 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாப்பியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு இளம் சீனத் தம்பதியைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்த நாட்டைச் சுற்றினார். சீனர்கள் மீது அங்கே வெறுப்பு மிகுந்திருந்த காலம் அது. மொத்தம் 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் போய் நின்றார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் ‘இடமில்லை’ என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு ‘சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா?’ என்று கேட்டுக் கடிதம் போட்டார். பதில் எழுதியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ‘மாட்டோம்’ என்றார்கள். 1934-இல் இது கட்டுரையாக வந்தது. அதில் ஓட்டை இல்லாமல் இல்லை. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் அன்று வாசலில் நின்று வரவேற்றவரும் ஒரே ஆளா என்பது தெரியாது. இருந்தாலும் அந்த இடைவெளியை மறந்துவிட முடியாது.

நமக்கு இன்னும் நெருக்கமானது 1937-இல் ஸ்டீஃபன் கோரி செய்தது. 67 கல்லூரி மாணவர்களிடம் தேர்வில் ஏமாற்றுவது பற்றிய மனப்பான்மையை முதலில் அளந்தார். பிறகு சரியா தவறா வகைத் தேர்வுகள் வைத்து, விடைத்தாள்களை மாணவர்களுக்குத் தெரியாமல் திருத்திக் குறித்துக்கொண்டு, அவற்றையே திருப்பிக் கொடுத்து ‘நீங்களே திருத்தி மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள்’ என்றார். யார் எவ்வளவு கூட்டிப் போட்டுக்கொண்டார் என்பது அப்படியே தெரிந்துவிட்டது. ஏமாற்றுவது தவறு என்று சொன்னதற்கும் ஏமாற்றாமல் இருந்ததற்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் எண், முழுக்கச் சேர்ந்து போனால் 1) 0.02. பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் மனப்பான்மை அளவுகோல் எல்லாம் வீணா?

வீண் இல்லை, பயன்படுத்தும் விதம்தான் தவறு. ஐசக் அய்சனும் மார்ட்டின் ஃபிஷ்பைனும் 1977-இல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னது இது: பொதுவான மனப்பான்மையை அளந்துவிட்டுக் குறிப்பிட்ட ஒரு செயலை எதிர்பார்த்தால் பொருந்தாது, இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ‘அறிவியல் பிடிக்குமா?’ என்ற கேள்வியை வைத்து, வரும் வெள்ளிக்கிழமை அறிவியல் மன்றத்துக்கு யார் வருவார்கள் என்று சொல்ல முடியாது. ‘வரும் வெள்ளிக்கிழமை மாலை மன்றத்துக்கு வருவது உனக்கு எப்படிப்பட்ட விஷயம்?’ என்று கேட்டால் ஓரளவு சொல்லலாம்.

அய்சன் பின்னால் இதை விரித்தார். மனப்பான்மையோடு, சுற்றியுள்ளவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணமும், இது நம்மால் முடியுமா என்ற எண்ணமும் சேர்ந்தால்தான் ஒருவர் செய்ய நினைப்பார், அதற்குப் பிறகுதான் செய்வார். கிராமத்துப் பள்ளியில் ஒரு மாணவிக்கு மன்றம் மிகவும் பிடிக்கலாம். ஆனால் கடைசிப் பேருந்து நாலே முக்காலுக்கு என்றால் அவள் வரமாட்டாள். அவளுடைய மனப்பான்மையில் ஒரு குறையும் இல்லை.

‘லைக்கர்ட்’ அளவுகோலா, ‘லிக்கர்ட்’ அளவுகோலா?

லிக்கர்ட். ‘முழுவதும் உடன்படுகிறேன்’ முதல் ‘சிறிதும் உடன்படவில்லை’ வரை டிக் அடிக்கச் சொல்லும் அளவுகோல் அது. உருவாக்கியவர் ரென்சிஸ் லிக்கர்ட், 1932. வைவாவில் (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில்) யாரும் திருத்த மாட்டார்கள், ஏனென்றால் அவர்களும் லைக்கர்ட் என்றுதான் சொல்வார்கள்.

ஆங்கிலத்தில் இருக்கும் அளவுகோலைத் தமிழில் மாற்றிக்கொள்ளலாமா?

உருவாக்கியவரிடம் அனுமதி வாங்கிவிட்டு மாற்றலாம். பெரும்பாலான ஆய்வேடுகள் கவிழ்வது இங்கேதான்.

அளவுகோல்களில் நேர்மறைக் கூற்றுகளையும் எதிர்மறைக் கூற்றுகளையும் கலந்து வைப்பார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘வீட்டுப்பாடம் செய்யாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருவதில்லை’ என்று வரும். அதற்கு ‘உடன்படவில்லை’ என்று டிக் அடிக்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மனதுக்குள் மூன்று முறை தலைகீழாக நிற்க வேண்டும். என்னிடம் வந்த ஓர் ஆய்வேட்டில் இப்படிப்பட்ட எட்டுக் கூற்றுகளும் மற்ற கூற்றுகளோடு ஒட்டவே இல்லை. பிள்ளைகள் முரணாக நடந்துகொள்கிறார்கள் என்று அந்த மாணவி முடிவு எழுதியிருந்தார். பிள்ளைகள் முரண்படவில்லை, அந்த வாக்கியங்கள் புரியவில்லை, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது சுலபம். ஒருவர் தமிழாக்கட்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிடுங்கள். அப்புறம் ஏழெட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து, கூற்றைச் சத்தமாகப் படித்துவிட்டு ‘இதில் என்ன கேட்கிறார்கள்?’ என்பதைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். ஒரு பிற்பகல் போதும். ‘முன்னோட்ட ஆய்வில் நம்பகத்தன்மை 0.82 வந்தது’ என்பதைவிட இதில்தான் அதிகம் தெரியவரும். நம்பகத்தன்மைக் கெழு உயர்ந்து நின்றால் எல்லாக் கூற்றுகளும் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றன என்றுதான் பொருள். நீங்கள் அளக்க நினைத்ததையே அளக்கின்றன என்று பொருள் அல்ல.

வகுப்பாசிரியரே வினாப்பட்டியலைக் கொடுத்து வாங்கித் தரலாமா?

தரலாம். நல்ல பிள்ளைகள் நிறைந்த பள்ளி ஒன்று உங்கள் அட்டவணையில் உருவாகிவிடும்.

பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. இதை முறையாகக் கையாண்ட ஓர் இந்திய ஆய்வு இருக்கிறது. தீவா தர், தருண் ஜெயின், சீமா ஜெயச்சந்திரன் மூவரும் ஹரியாணாவில் 314 அரசுப் பள்ளிகளில், ஏறத்தாழ 14,000 மாணவர்களிடம் செய்தது. பாதிக்குச் சற்றுக் குறைவான பள்ளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஆண் பெண் சமத்துவம் பற்றி இரண்டரை ஆண்டுகள் வகுப்பு நடத்தினார்கள். மற்றப் பள்ளிகளில் எதுவும் செய்யவில்லை. முடிவு 2022-இல் வெளியானது: பெண்களைத் தாழ்த்திப் பார்க்கும் பதில்களில் சுமார் 16 சதவீதம் மாறியிருந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் போய்க் கேட்டபோதும் அது நீடித்தது.

இதில் நான் மதிப்பது அவர்களுடைய சந்தேகத்தை. ‘வகுப்பில் சொல்லிக் கொடுத்ததையே பிள்ளைகள் ஒப்பிக்கிறார்களோ?’ என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். அதற்காக, நல்ல பெயர் வாங்க விரும்பும் குணம் யாருக்கு அதிகம் என்பதைத் தனியாக அளந்து வைத்தார்கள். 1960-இல் கிரவுனும் மார்லோவும் உருவாக்கிய அளவுகோல் அது. ‘நான் யாரையும் வெறுத்ததே இல்லை’ என்பது போல, யாருக்கும் முழுக்க உண்மையாக இருக்க முடியாத கூற்றுகளை வைத்து, எத்தனைக்கு ‘ஆம்’ போடுகிறார்கள் என்று பார்ப்பது. இன்னொன்றும் தெரியவந்தது. நடத்தை மாற்றம் பெண்களைவிட ஆண்களிடம் கூடுதலாக இருந்தது. வீட்டு வேலையில் கை கொடுக்க ஒரு பையன் நினைத்தால் செய்துவிடலாம். ஒரு பெண் தனக்கு வேண்டியதைச் செய்ய நினைத்தாலும் வீடு விட வேண்டுமே. மேலே சொன்ன கடைசிப் பேருந்துக் கதைதான் இதுவும்.

உங்கள் ஆய்வுக்கு இவ்வளவு வேண்டாம். பெயர் கேட்காதீர்கள், வகுப்பாசிரியரை வெளியே இருக்கச் சொல்லுங்கள், நிரப்பிய தாளை மூடிய பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

தேர்வில் காப்பி அடிப்பது பற்றி உண்மையான பதில் வாங்க வழி உண்டா?

பூவா தலையா போட்டு வாங்கலாம். விளையாட்டாகச் சொல்லவில்லை. 1965-இல் ஸ்டான்லி வார்னர் முன்வைத்த யோசனையின் எளிய வடிவம் இது. ஒவ்வொரு மாணவரும் யாருக்கும் காட்டாமல் நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மை எதுவானாலும் ‘ஆம்’ என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். ‘ஆம்’ என்று எழுதிய எவரையும் ‘நீ காப்பி அடித்தாயா?’ என்று கேட்க முடியாது. நாணயம் சொன்னது என்று சொல்லிவிடலாம்.

200 பேரில் 130 பேர் ‘ஆம்’ என்கிறார்கள் என்று வையுங்கள். ஏறத்தாழ 100 பேருக்குத் தலை விழுந்திருக்கும், அவர்களைக் கழித்துவிடுங்கள். உண்மை சொல்ல வேண்டிய மீதி 100 பேரில் 30 பேர் ‘ஆம்’. ஆக 30 சதவீதம். இந்த வித்தைக்கு விலையும் உண்டு. 200 பேரை வைத்துச் செய்தால் அந்த 30 என்பது 17-க்கும் 43-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். எண்ணிக்கை பெரிதாக இருந்தால்தான் பயன்.

‘நேர்மையான மாணவர்கள்’, ‘நேர்மையற்ற மாணவர்கள்’ என்று பிரிக்கலாமா?

1920களில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு ஆய்வாளர்கள் ஏறத்தாழ 11,000 அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வகுப்பு, விளையாட்டு, வீடு என்று பல சூழல்களில் ஏமாற்ற வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். வகுப்பில் ஏமாற்றியவர் விளையாட்டிலும் ஏமாற்றுவார் என்று சொல்ல முடியவில்லை, மறுபக்கமும் அப்படியே. சூழல் மாறினால் பிள்ளை மாறுகிறது. அதனால் முத்திரை குத்தாதீர்கள்.

வினாப்பட்டியலே இல்லாமல் நடத்தையை எப்படி அளப்பது?

எண்ணுங்கள். எதை எண்ணப் போகிறீர்கள் என்பதை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தாலும் ஒரே எண்ணிக்கை வரும் அளவுக்குத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ‘ஒழுங்கீனம்’ என்று எழுதினால் எண்ண முடியாது. ‘அனுமதி இல்லாமல் இருக்கையை விட்டு எழுவது’ என்று எழுதினால் எண்ணலாம். முதல் சில நாள் சும்மா பின்வரிசையில் உட்கார்ந்திருங்கள். புது ஆள் வந்தால் வகுப்பே நடிக்கும், நாலைந்து நாளில் உங்களை மறந்துவிடும். அதன் பிறகு எண்ணத் தொடங்குங்கள்.

இன்னும் அழகான வழிகளும் உண்டு. 1966-இல் டொனால்ட் கேம்பெலும் அவர் கூட்டாளிகள் இருவரும் கல்லூரி வகுப்புகளில் கறுப்பின மாணவர்களும் வெள்ளை மாணவர்களும் தாங்களாக எங்கே உட்காருகிறார்கள் என்று வரைபடம் போட்டார்கள். யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. குருட்டாம்போக்கில் உட்கார்ந்தால் எத்தனை இடங்களில் இரு இனத்தவரும் அடுத்தடுத்து வருவார்களோ, அதைவிட எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட்டார்கள். அந்தக் குறைவுதான் அவர்களுடைய அளவுகோல்.

தில்லியின் வசதியான தனியார் பள்ளிகளில் கௌதம் ராவ் செய்ததும் எனக்குப் பிடிக்கும். ஏழைப் பிள்ளைகளுக்கு இட ஒதுக்கீடு வந்த பிறகு பணக்காரப் பிள்ளைகள் மாறினார்களா என்பது கேள்வி. ‘ஏழைகளை உனக்குப் பிடிக்குமா?’ என்று அவர் கேட்கவில்லை. பரிசுத் தொகையோடு தொடர் ஓட்டப் பந்தயம் வைத்து, கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். வேகமாக ஓடும் ஏழைப் பையனா, மெதுவாக ஓடும் பணக்காரப் பையனா? ஒதுக்கினால் பரிசு போகும். ஏழைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள் குறைவாகவே ஒதுக்கினார்கள்.

சாதி மனப்பான்மை பற்றி வினாப்பட்டியல் கொடுக்கலாமா?

வேண்டாம் என்பேன். இரண்டு காரணம்.

முதலாவது, உண்மை வராது. ‘எல்லாச் சாதியினரும் சமம்’ என்பதற்கு எதிராக டிக் அடிக்கும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஆனால் அதே வகுப்பில் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு இருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவர் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளையும் மோதிரங்களையும் நெற்றிக் குறிகளையும் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. பிள்ளைகள் சொல்லாததைக் கயிறு சொல்கிறது.

இரண்டாவது இன்னும் முக்கியம். கேட்பதே காயப்படுத்தும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசத்தின் கிராமத்துப் பையன்களுக்கு, மேல் சாதியினர் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதியினர் 321 பேர், பாதை கண்டுபிடிக்கும் புதிர்களைக் காசு கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாதபோது இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் தீர்த்தார்கள். எல்லோர் முன்னும் பெயரோடு சாதியையும் வாசித்தபோது தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் தீர்த்தது குறைந்தது. அதே பையன், அதே மூளை, அதே புதிர்.

வினாப்பட்டியலின் முதல் பக்கத்திலேயே ‘சாதி’ என்று ஒரு கட்டம் போடுகிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். இந்தத் தலைப்பில்தான் ஆய்வு செய்ய வேண்டும் என்றால் மதிய உணவு நேரத்தில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று இரண்டு வாரம் பாருங்கள். ஒருவருடைய பெயரையும் எழுதாதீர்கள்.

மூன்று பள்ளிகளில் 300 பேர். போதுமா?

எல்லா ஆய்வேட்டிலும் கிரெஜ்சி, மார்கன் அட்டவணை என்று ஒன்று வரும், 1970-இல் வந்தது. மொத்தம் இத்தனை பேர் இருந்தால் எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று சொல்லும். ஆயிரம் பேருக்கு 278, ஒரு லட்சத்துக்கு 384. ஆனால் அது குலுக்கல் முறையில் ஒவ்வொருவராக எடுத்தவர்களுக்குப் போட்ட கணக்கு. நீங்கள் எடுப்பது முழு முழு வகுப்பு. ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் படிக்கிறார்கள், ஒருவர் போலவே இன்னொருவரும் பதில் சொல்வார்கள். அந்த ஒற்றுமையை 0 முதல் 1 வரையிலான அளவில் 0.1 என்று கொண்டால், 30 பேர் கொண்ட 10 வகுப்புகளில் எடுத்த 300 பேர் ஏறத்தாழ 77 பேருக்குத்தான் சமம். வகுப்புக்குப் பத்துப் பேராக 30 வகுப்புகளில் எடுங்கள், அலைச்சல் அதிகம்தான்.

ஆண்–பெண், நகரம்–கிராமம், அரசு–தனியார். இந்த ஒப்பீடுகள் கட்டாயமா?

யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முந்தைய ஆய்வேட்டில் இருந்ததால் இதிலும் இருக்கிறது. இருபது டி-சோதனை (இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சோதனை) வழக்கமான 5 சதவீத அளவில் போட்டால், உண்மையில் ஒரு வேறுபாடும் இல்லாவிட்டாலும், குறைந்தது ஒன்றாவது ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்று வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ‘நகர்ப்புற மாணவிகளிடம் மனப்பான்மை உயர்வாக உள்ளது, ஏனெனில்’ என்று இரண்டு பக்கம் எழுதுவார்கள்.

என் வகுப்பில் கூச்சல் தாங்கவில்லை. செயலாராய்ச்சியாக (ஆசிரியரே தன் வகுப்புச் சிக்கலுக்குத் தீர்வு செய்து பார்க்கும் ஆய்வாக) எடுக்கலாமா?

தாராளமாக. 1969-இல் கன்சாஸில் ஒரு நாலாம் வகுப்பில் பாரிஷ், சாண்டர்ஸ், வுல்ஃப் மூவரும் செய்ததைப் படியுங்கள். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, யாராவது அனுமதியில்லாமல் எழுந்தாலோ பேசினாலோ அந்த அணிக்குக் கரும்பலகையில் ஒரு கோடு. கோடு குறைந்த அணிக்குச் சின்னச் சின்னச் சலுகைகள், சாப்பாட்டு வரிசையில் முதலிடம் போல. கணக்கு வேளையில் தொடங்கியதும் அந்த வேளையில் மட்டும் கூச்சல் குறைந்தது. கணக்கில் நிறுத்திவிட்டு வாசிப்பு வேளைக்கு மாற்றினார்கள், கணக்கு வேளையில் பழையபடி கூச்சல் வந்தது. மாற்றத்துக்குக் காரணம் அந்த விளையாட்டுதான் என்று இதனால்தான் அடித்துச் சொல்ல முடிந்தது. ‘முன்தேர்வு, பின்தேர்வு, டி-மதிப்பு’ என்று நாம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். இதற்கு ஒரு வகுப்பே போதும்.

ஒன்று கவனம்: ஒரு பிள்ளையால் அணிக்கே கோடு விழும்போது மற்றவர்கள் அவனைக் கரித்துக் கொட்டுவார்கள். அதைப் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. பிரம்பு எடுப்பது ஆய்வு ஆகாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி உடல் தண்டனைக்கும் மன உளைச்சல் தருவதற்கும் தடை இருக்கிறது.

‘ஆசிரியர் நம்பினால் பிள்ளை புத்திசாலி ஆகிவிடும்’ என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்களே?

1968-இல் ரோசந்தாலும் ஜேக்கப்சனும் வெளியிட்ட ஆய்வைச் சொல்லியிருப்பார்கள். குலுக்கலில் எடுத்த பிள்ளைகளை ‘இவர்கள் இந்த ஆண்டு மலர்வார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள், ஆண்டு முடிவில் அவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் கூடியிருந்தது. பயிற்சியாளர் சொல்லாமல் விடுவது, அந்த ஏற்றம் பெரும்பாலும் முதல் இரண்டு வகுப்புகளில்தான் தெரிந்தது என்பதும், சோதனை முறைக்குக் கடும் எதிர்ப்பு வந்தது என்பதும். பின்னால் வந்த ஆய்வுகளைப் பார்த்தால் எதிர்பார்ப்புக்கு விளைவு உண்டு, ஆனால் பெரும்பாலும் சிறியது.

‘வளரும் மனநிலை’ப் பயிற்சியும், அதாவது முயன்றால் அறிவுத்திறன் வளரும் என்று பிள்ளைகளுக்கு உணர்த்தும் பயிற்சியும், அப்படித்தான். 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில் அமெரிக்காவில் 12,000-க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சியைச் சோதித்தார்கள். பின்தங்கிய மாணவர்களின் சராசரி 0.1 தரப்புள்ளி கூடியது, 4.3 புள்ளி வரை போகும் அளவுகோலில். அவ்வளவு மலிவான பயிற்சிக்கு அது நல்ல பலன்தான். மேடையில் சொல்வது போல அற்புதம் இல்லை.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

தலைமையாசிரியர் கையெழுத்து வாங்கியதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், 7 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடமும் தனியாக ஒப்புதல் கேட்கச் சொல்கின்றன. அது உடல்நலம் சார்ந்த ஆய்வுக்கு எழுதியது என்றாலும் கல்வி ஆய்வுக்கும் நல்ல வழிகாட்டி. ‘எனக்கு விருப்பமில்லை, டீச்சர்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்தத் தாளை அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கூகுள் ஃபார்மை வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டால் போதாதா?

‘மாணவர்களிடம் கைப்பேசிப் பயன்பாடு’ என்ற தலைப்புக்கு அப்படிச் செய்தவரைப் பார்த்திருக்கிறேன். அனைவரும் கைப்பேசி பயன்படுத்துகிறார்கள் என்பது கண்டுபிடிப்பு.

எதிர்பார்த்தது வரவில்லை, ‘வேறுபாடு இல்லை’ என்று வந்திருக்கிறது. வைவாவில் என்ன சொல்வது?

வந்ததைச் சொல்லுங்கள். எத்தனை பேரிடம் எடுத்தீர்கள், எவ்வளவு சிறிய வேறுபாட்டை உங்கள் மாதிரி பிடித்திருக்கும், எதைப் பிடித்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எண்ணைத் திருத்தலாமா என்று கேட்டுத்தான் ஆண்டுக்கு ஒருவராவது மாலை ஆறு மணிக்கு மேல் போன் செய்கிறார்கள். அந்த அழைப்பை மட்டும் நான் எடுப்பதில்லை.